செங்கல்லை ஒட்டாதீர்கள், கட்டுங்கள்

தமிழ்நாட்டில் வீடும் கடையும் கலைக்கூடமும் வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட்டுகளுக்கும் இன்டீரியர் டிசைனர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் வரைபடத்தில் சுவரைக் காட்டி ஒரு அம்புக்குறி இருக்கும். அதன் முனையில் 'எக்ஸ்போஸ்டு பிரிக்', அதாவது பூசாமல் விடும் செங்கல் என்று எழுதியிருக்கும். அதோடு சரி. எந்தச் செங்கல், அதன் எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கலவை இணைப்பு எத்தனை மில்லிமீட்டர், மூலையில் கல் எப்படித் திரும்ப வேண்டும், ஜன்னல் ஓரத்தில் முக்கால் கல் வருமா அரைக்கல் வருமா, ஒன்றும் இருக்காது. மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். "இந்த மாதிரி வேணும் மேஸ்திரி." படம் பெரும்பாலும் ஆரோவில்லில் எடுத்ததாக இருக்கும், இல்லையென்றால் திருவனந்தபுரத்தில்.

இந்த மடலை எழுதுவது செங்கல், சுண்ணாம்பு, ஓட்டு வேலை எடுத்துச் செய்யும் மேஸ்திரிகளும், அவர்களோடு தளத்தில் நிற்கும் பொறியாளர்களும். நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தப் படங்களில் உங்களுக்குப் பிடித்துப்போகும் தோற்றம், பாரம் எப்படி இறங்கும், காற்று எப்படி நுழையும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்ததால் வந்தது. அந்த யோசனையை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் எங்களிடம் கேட்கிறீர்கள். அப்படிச் செய்த சுவர் ஒழுகும், உதிரும், விரிசல் விடும். பழி கொத்தனார் தலையில் விழும்.

திருவனந்தபுரம் தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் உங்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். நடுவே ஒரு உருளை, அதைச் சுற்றி மேலேறும் சாய்தளம், வெளிச்சுவரை ஒட்டிச் சுவரோடு சேர்த்தே கட்டிய மேசையும் பெஞ்சும், சுவர் முழுக்க வரிசையாகத் துளைகள். சின்ன இடத்தில் நடைபாதையும் மாடிப்படியும் சாப்பாட்டுக்கூடமும் ஒன்றாகிவிட்டன. மேசை நாற்காலி தனியாக வாங்க வேண்டியதில்லை. வெயில் நேரத்தில் வெளிச்சத்தையும் காற்றையும் துளைகள் பார்த்துக்கொள்ளும். இதில் சிவப்பு நிறம் கடைசியாகத்தான் வருகிறது. நம் ஊர் காபிக் கடைகள் அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்தது அந்தச் சிவப்பை மட்டும்.

முதலில் ஒட்டு வேலையை முடித்துவிடுவோம். 10 முதல் 20 மி.மீ. கனமுள்ள பிரிக் டைலைச் சுவரில் ஒட்டவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் அதை ஒட்டச் சொல்லும்போது சில விஷயங்களை நீங்கள்தான் வரைந்து தர வேண்டும். பின்னால் கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேரும் கோடு இருக்கிறது. வெயிலில் இரண்டும் ஒரே மாதிரி விரியாது; அந்தக் கோடு எப்படியும் விரிசலாக மேலே வரும். அங்கே டைலையும் நிறுத்தி இளகும் சீலன்ட் வைத்த இணைப்பு விடுங்கள். நீளச் சுவரில் 3 மீட்டருக்கு ஒன்று என்று அதே மாதிரி இணைப்பு வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் பசை வைத்து அழுத்துகிற வேலையைத் தளத்தில் பார்த்தால் அப்போதே நிறுத்துங்கள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் மழைத்தண்ணீர் தேங்கும், தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும், சில வெயில் காலம் போனால் டைல் நடைபாதையில் விழும். பல் வைத்த கரண்டியால் சுவர் முழுக்கப் பசையை இழுத்து, டைலின் முதுகிலும் சன்னமாகத் தடவி, அழுத்தி ஒட்ட வேண்டும். இத்தனை பசை, இத்தனை டைல், இத்தனை கூலி சேர்ந்தபின் கணக்கைப் பாருங்கள். பல இடங்களில் அந்தப் பணத்துக்கு உண்மையான செங்கல் சுவரே எழுந்திருக்கும்.

இனி உண்மையான சுவர். பேக்கர் பெயரோடு சேர்ந்துபோன ராட் ட்ராப் பாண்ட், அதாவது எலிப்பொறிக் கட்டு, அவர் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் முன்பே இருந்த முறை. அதைக் கேரளத்தில் ஏழை வீடு, பெரிய நிறுவனம் என்ற பேதமில்லாமல் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். கணக்கைச் சொல்கிறோம். கல் 230 × 110 × 75 மி.மீ., இணைப்பு 10 மி.மீ. என்று வையுங்கள். கல்லைப் படுக்கவைத்து இங்கிலீஷ் பாண்டில், அதாவது ஒரு வரிசை நெடுக்கு, ஒரு வரிசை குறுக்கு என்று, 9 அங்குலச் சுவர் கட்டினால் சதுர மீட்டருக்கு 98 கல் போகும். எலிப்பொறியில் கல் படுக்காது, விளிம்பில் நிற்கும். முன்முகத்தில் ஒரு நெடுக்குக் கல், பின்முகத்தில் ஒரு நெடுக்குக் கல், நடுவே 80 மி.மீ. வெற்றிடம். அடுத்து இரண்டு முகத்தையும் பிணைக்கும் ஒரு குறுக்குக் கல். 325 மி.மீ. நீளத்துக்கு, 120 மி.மீ. உயரத்துக்கு மூன்று கல். சதுர மீட்டருக்கு 77 வரும். ஐந்தில் ஒரு பங்கு கல் மிச்சம், கலவை அதைவிட அதிகமாக மிச்சம், சுவரின் தடிமனோ அதேதான்.

இதில் எங்கே சறுக்குகிறது என்றால், முதலில் வெற்றிடம். வழக்கம்போலக் கரண்டி நிறையக் கலவையை அள்ளிப் போட்டால் பாதி உள்ளே விழுந்து அடைத்துக்கொள்ளும். கலவையும் மிஞ்சாது, வெப்பமும் தடைபடாது. 75 மி.மீ. அகலப் பலகை ஒன்றை வெற்றிடத்தின் மேல் வைத்து, இரு பக்கமும் மட்டும் கலவை விரித்து, பலகையை இழுத்துக்கொண்டே போக வேண்டும். கேட்க எளிது. ஆனால் சதுர அடிக் கூலிக்கு வேகமாகக் கட்டுகிறவர் செய்ய மாட்டார்.

இரண்டாவது, கெட்டி வரிசைகள். பேஸ்மட்டத்துக்கு மேல் முதல் வரிசை, ஜன்னல் அடிமட்டம், லிண்டலைத் தாங்கும் இடம், தளம் உட்காரும் வரிசை, இவை நான்கும் வெற்றிடமில்லாமல் வர வேண்டும். கீழ் வரிசையைத் திறந்து விட்டால் எறும்பு குடியேறும்; மேல் வரிசையைத் திறந்து விட்டால் கான்கிரீட் போடும் அன்று சிமெண்டுப் பால் முழுக்க உள்ளே இறங்கும். கதவு நிலையின் இரண்டு பக்கமும் ஒரு கல் அகலத்துக்குக் கெட்டியாகக் கட்டாவிட்டால் கிளாம்புக்குப் பிடிமானம் இருக்காது. கதவை நாலு தரம் அடித்துச் சாத்தினால் நிலை ஆடும். இந்த வரிசைகளை உங்கள் வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டுங்கள். சுவிட்சு பெட்டிகளும் அப்படித்தான். வயர் குழாயை வெற்றிடத்துக்குள்ளேயே இறக்கலாம், சுவரைக் கொத்தவே வேண்டாம். ஆனால் பெட்டி எந்த உயரத்தில் என்று கட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பூசாத சுவரைப் பிறகு கொத்தினால் மறைக்க வழியில்லை.

மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. சாதாரணச் சுவரில் கலவைக்குள் மறையும் 230 × 110 முகம்தான் எலிப்பொறியில் வெளியே தெரியும். நம் சூளைக் கல்லில் அந்த முகத்தில்தான் முத்திரைக் குழி இருக்கிறது. குழியை வெற்றிடத்தின் பக்கம் திருப்பிவைக்கச் சொல்லாவிட்டால் சூளைக்காரர் பெயர் வரவேற்பறை முழுக்க விளம்பரமாகிவிடும். இயந்திரத்தில் கம்பியால் அறுத்த வயர்கட் கல்லில் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம் கல்லின் நீளம். ஒரே லோடில் 5 மி.மீ. கூடக்குறைய வருவது சகஜம். குறுக்குக் கல்தான் சுவரின் கனத்தைத் தீர்மானிக்கிறது என்பதால் 9 அங்குலச் சுவரில் ஒரு முகம்தான் நூல் பிடித்தமாதிரி வரும். மறுமுகம் மேடுபள்ளமாகத்தான் இருக்கும். எந்த முகம் நேராக வேண்டும், வீட்டுக்காரர் பார்க்கும் முகமா தெருவில் போகிறவர் பார்க்கும் முகமா என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் ஒவ்வொரு கல்லையும் அளந்து பிரிக்க ஒரு சித்தாள் கூலியைச் சேருங்கள்.

கல் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை பெரிய வித்தை இல்லை. உலர்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, மறுபடி எடை போடுங்கள். கூடிய எடை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த லோடு பூசும் சுவருக்குக்கூட வேண்டாம். உப்புக்கு இன்னொரு சோதனை. தட்டில் 25 மி.மீ. தண்ணீர் விட்டுக் கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, தண்ணீர் முழுக்க இழுத்துக் காயும்வரை விட்டு, பிறகு இன்னொரு தரம். வெள்ளையாகப் பூத்தால் சுவரிலும் பூக்கும். சென்னைக் கடற்கரைப் பக்கம் போர் தண்ணீரிலேயே உப்பு இருக்கும். நல்ல கல்லை வாங்கி அந்தத் தண்ணீரில் கலவை குழைத்துவிட்டுச் சூளையைத் திட்டிப் பயனில்லை.

கலவையைப் பற்றி ஒரு வார்த்தை. 1:3, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் போட்டால் பலம் என்று நினைத்து எழுதுகிறீர்கள். கல்லைவிடக் கலவை கெட்டியானால் சுவர் அசையும்போது விரிசல் இணைப்போடு போகாமல் கல்லையே பிளக்கும். 1:6 போதும். ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் இன்னும் நல்லது; குழைவாக வரும், மெதுவாக இறுகும், சின்ன அசைவைத் தாங்கிக்கொள்ளும். இணைப்பை ஆழமாகத் தோண்டி நிழல் விழச் செய்யும் பாயிண்டிங் படத்தில் அழகுதான். மழை அடிக்கும் பக்கத்தில் மட்டும் அது வேண்டாம். ஒவ்வொரு கல்லின் மேல்விளிம்பும் தண்ணீர் நிற்கும் திண்ணையாகிவிடும். கலவைக் கறையை அன்றைக்கே ஈரப் பஞ்சால் துடைத்தால் போகும். கடைசி நாள் ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்லாதீர்கள், அது உப்பை வரவழைக்கும். பளபள வார்னிஷும் வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் படலத்தை உரித்துத் தள்ளும். சிலேன் சிலாக்சேன் வகை நீர்விலக்கி படலம் கட்டாது. சுவரின் நிறமும் மாறாது.

இங்கேயே கூலிப் பேச்சை முடித்துக்கொள்கிறோம், ஏனென்றால் பாதிப் பிரச்சினை இதில்தான். பல தளங்களில் கட்டுக்கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. எலிப்பொறியில் கொத்தனார் கூடுதல் கவனத்தோடு, மெதுவாக, பலகை இழுத்து, கல்லைத் திருப்பிப் பார்த்துக் கட்டுகிறார். அதே சுவருக்கு 98 கல்லுக்குப் பதில் 77 கல் வைக்கிறார். உங்கள் வாடிக்கையாளருக்கு அவர் மிச்சப்படுத்திய 21 கல், அவருடைய கூலியிலிருந்து போன 21 கல். வேலை தெரிந்த ஆள் ஏன் இந்த வேலைக்கு வரத் தயங்குகிறார் என்று கேட்கிறீர்களே, விடை இந்தக் கழித்தலில் இருக்கிறது. சுவரின் பரப்புக்குக் கூலி பேசுங்கள், அல்லது நாள் கூலி கொடுங்கள். மிச்சமான கல்லின் விலையில் ஒரு பகுதி கொத்தனாருக்குப் போகட்டும்.

அடுத்து ஜாலி. இப்போது எந்த வீட்டு முகப்பைப் பார்த்தாலும் ஓட்டைச் சுவர்தான். அரைக்கல் கனத்தில், அதாவது 110 மி.மீ.யில், 3 மீட்டர் உயரம் எழுப்பச் சொல்கிறீர்கள். உயரத்தைக் கனத்தால் வகுத்தால் 27 வருகிறது. சிமெண்ட் கலவையில் கட்டும் பாரம் தாங்கும் சுவருக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1905 வைத்திருக்கும் உச்ச வரம்பே 27தான். ஓட்டை போடுவதற்கு முன்பே எல்லையில் நிற்கிறோம். ஆக, ஜாலி உயரமாகப் போனால் நடுவில் ஒரு கான்கிரீட் பட்டை, பக்கவாட்டில் 1.5 அல்லது 2 மீட்டருக்கு ஒரு 9 அங்குலத் தூண். பட்டை கண்ணை உறுத்தும் என்றால் வரிசையின் உயரத்துக்குச் சமமாக வார்த்துச் செங்கல் முகத்துக்குச் சற்று உள்ளே தள்ளிவிடலாம். சில பேர் பட்டைக்குப் பதிலாக நாலு வரிசைக்கு ஒரு 6 மி.மீ. கம்பியை இணைப்பில் போடச் சொல்கிறார்கள். 10 மி.மீ. இணைப்பில் அந்தக் கம்பியை மூட எவ்வளவு கலவை இருக்கும்? ஓட்டைக்குக் குறுக்கே கம்பி அம்மணமாக ஓடும். கடற்கரை ஊரில் அது துருப்பிடித்து வீங்கிக் கல்லைத் தூக்கும். துருப்பிடிக்காத கம்பி என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் கம்பியே வேண்டாம்.

ஓட்டையின் அகலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 230 மி.மீ. கல்லுக்கு நடுவே 100 மி.மீ. இடைவெளி விட்டால் மேல் வரிசைக் கல் இரண்டு பக்கமும் 65 மி.மீ. உட்காரும். 150 விட்டால் உட்காருவது 40. நாங்கள் 50க்குக் குறைந்து கட்ட மாட்டோம், யார் கேட்டாலும். 'இன்னும் கொஞ்சம் லேசா, காத்தாட இருக்கட்டும்' என்று தளத்தில் நின்று சொல்லும்போது இந்த 50ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

மழையும் கொசுவும் படத்தில் தெரியாது. சென்னையிலும் புதுச்சேரியிலும் பெருமழை வடகிழக்கிலிருந்து காற்றோடு அடிக்கிறது. அந்தப் பக்கம் ஜாலி வைத்தால் மேலே குறைந்தது 750 மி.மீ. சன்ஷேடு, கல்லைக் கட்டும்போதே வெளிப்பக்கம் ஒரு நூல் சாய்வு, ஜாலிக்கு உள்ளே தரையில் ஒரு சின்ன வாய்க்கால், தண்ணீர் வெளியேற ஒரு குழாய். இவ்வளவும் வேண்டும். கொசு வலையை ஜாலிக்கு உள்பக்கம் திறந்து மூடும் சட்டத்தில் வையுங்கள். நிலையாக அடித்துவிட்டால் வலைக்கும் கல்லுக்கும் நடுவே சேரும் தூசியையும் சிலந்தியையும் எடுக்க யாராலும் முடியாது. ஓர் ஆண்டில் காற்று வரும் சுவர், காற்று வராத சுவராகிவிடும்.

வளைவுக் கூரைக்கு வருவோம். ஜிப்சம் போர்டை வளைத்துக் கடையின் கூரையில் மாட்டி வர்ணம் அடிப்பதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, அது மேடை ஜோடனை. உண்மையான வளைவு கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறோம். 3 மீட்டர் அகலம், சுவர்த் தலையிலிருந்து உச்சிவரை 0.75 மீட்டர் எழுச்சி, கல்லும் மேல்பூச்சும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 300 கிலோ என்று வையுங்கள். பாரத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, எழுச்சியின் எட்டு மடங்கால் வகுத்தால் பக்கவாட்டுத் தள்ளு கிடைக்கும்: ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 450 கிலோ. சுவரின் தலையில் நின்று 450 கிலோ வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது, இரவும் பகலும். எழுச்சியைப் பாதியாக்கி 'ஃப்ளாட்டா, மாடர்னா' கேட்டால் அது 900 ஆகும். இதை யார் பிடிப்பது? ஒன்று, சுவரின் மேல் கான்கிரீட் பட்டையும் 1.5 மீட்டருக்கு ஒரு 12 மி.மீ. இழுகம்பியும். அல்லது பக்கத்து அறையின் வளைவு வந்து எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். அல்லது சுவரே கனமாக வேண்டும். கம்பி கண்ணில் படக்கூடாது என்று உரு வரைந்துவிட்டுக் கடைசியில் பொறியாளரைக் கூப்பிட்டால் அவர் கான்கிரீட் கூடு ஒன்றைப் போட்டு, அதற்கடியில் செங்கல்லை ஒட்டச் சொல்வார். ஒட்டு வேலைக்கே திரும்பி வந்துவிட்டோம். சுவர் விலகிக்கொண்டிருந்தால் முதல் அடையாளம் உச்சியின் அடிப்பக்கம் நீளவாக்கில் ஓடும் மயிரிழை விரிசல். அதைப் பட்டி வைத்து மறைக்கச் சொல்லாதீர்கள்; கண்ணாடித் துண்டு ஒன்றைக் குறுக்கே ஒட்டி, உடைகிறதா என்று பாருங்கள்.

வளைவின் வடிவத்தைக் காம்பஸால் வரையாதீர்கள். சங்கிலியின் இரண்டு முனையையும் வேண்டிய அகலத்தில் சுவரில் மாட்டித் தொங்கவிட்டு, அதை ஒட்டுப்பலகையில் வரைந்து, பலகையைத் தலைகீழாக்கினால் சென்ட்ரிங் வடிவம் வந்துவிட்டது. தன் எடையை மட்டும் சுமக்கும்போது அந்தக் கோட்டில் கல் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் மண் கட்டிகளில் எழுப்பிய பல வளைவுகளுக்கு அடிப்படை இந்த எளிய சங்கிலிதான்.

ஃபில்லர் ஸ்லாப், அதாவது ஓடு வைத்து வார்க்கும் கான்கிரீட் கூரைத் தளம் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வேலையிடத்தில் நடப்பதைச் சொல்ல வேண்டும். தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா இருக்கிறது, இழுவையைத் தாங்குவது கம்பி. ஆகவே கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓடோ சட்டியோ வைத்து அந்தக் கான்கிரீட்டை மிச்சம் பிடிக்கிறோம். 125 மி.மீ. தளத்தில் இரண்டிரண்டு ஓடாகக் கவிழ்த்து, நடுவே 100 மி.மீ. கான்கிரீட் விலா விட்டால், ஓடு விரியும் பகுதியில் கால் பங்குக்கு மேல் கான்கிரீட் குறையும். சுவரை ஒட்டிய ஓரங்களைக் கெட்டியாக விட்டபின் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். ஓரத்தில் கெட்டி விடுவது கட்டாயம், வெட்டு விசை அதிகமாக இருப்பது அங்கேதான். ஓட்டுக்கு மேல் குறைந்தது 50 மி.மீ. கான்கிரீட், ஓட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 25 மி.மீ. இடைவெளி.

ஓடுகளை முதல்நாளே ஊறவைக்காவிட்டால் கான்கிரீட்டின் தண்ணீரைக் குடித்துவிடும். ஓடுகளைச் சுற்றிக் கான்கிரீட் பொரபொரவென்று போகும். சட்டி வைத்தால் இன்னொரு ஆபத்து: இளகலான கான்கிரீட் அடியில் புகுந்து சட்டியை மிதக்கவிடும். விளிம்பில் முதலில் கொஞ்சம் கலவை வைத்து உட்காரவைக்க வேண்டும். கான்கிரீட் தூக்கும் ஆட்கள் நடக்கப் பலகைப் பாதை போட வேண்டும், வைப்ரேட்டரை விலாவில் மட்டும் இறக்க வேண்டும், உடைந்த ஓடுகளை அப்போதே மாற்ற இருபது ஓடு மேலே தயாராக இருக்க வேண்டும். முக்கியமாக, ஃபேன் கொக்கி எந்த விலாவில் வரும் என்று முன்பே குறித்துத் தாருங்கள். ஓட்டின் நட்டநடுவில் ஃபேன் வரவேண்டும் என்று பிறகு சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கடைகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. கடைக்காரர் மாறுவார். புது ஆள் வந்து ஏசி டக்ட்டைத் தொங்கவிட ஆங்கர் போல்ட்டுக்குத் துளை போடுவார், ஓட்டுக்குள் வெறும் காற்று; போல்ட் பிடித்தமாதிரி இருக்கும், பிறகு டக்ட்டோடு இறங்கும். எலிப்பொறிச் சுவரிலும் அப்படித்தான். துணிக்கடையின் ஷெல்ஃப் பாரத்தை 75 மி.மீ. கல் தாங்காது. ஷெல்ஃப் உயரத்தில் ஒரு கெட்டி வரிசை ஓடவிட்டால் போதும், ஒரு பைசா கூடுதல் செலவில்லாத மாதிரிதான். மூன்று வருட வாடகை இடமாக இருந்தால் செங்கல்லே வேண்டாம் என்போம். கோழி வலையும் 1:3 கலவையும் வைத்து 25 மி.மீ. கனத்தில் ஃபெர்ரோசிமெண்ட் பலகை வார்த்தால் மேசை, ஷெல்ஃப், தடுப்பு எல்லாம் செய்யலாம்; காலிசெய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். வலை முழுக்கக் கலவைக்குள் மூட வேண்டும், ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரச் சாக்குப் போர்த்த வேண்டும், இந்த இரண்டில் கோட்டைவிட்டால் மட்டும்தான் அது விரிசல் விடும்.

கலைக்கூடம் வடிவமைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2000-ஆம் ஆண்டில் முடிந்த, கட்டடக் கலைஞர் அனுபமா குண்டுவின் வால் ஹவுஸ் என்ற வீடு ஆரோவில்லில் இருக்கிறது: சன்னமான அச்சுக்கல், சுண்ணாம்புச் சாந்து, ஒன்றுக்குள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்களால் வளைந்த கூரை. அந்தக் குழாய்க் கூரை ரோமானியர் வட ஆப்பிரிக்காவில் செய்த வேலையின் மறுபிறப்பு. 2012 வெனிஸ் கட்டடக்கலை பியன்னாலேயில் அதே வீட்டை முழு அளவில் கட்டிக் காட்டினார்கள், புகைப்படமாகவோ மாடலாகவோ அல்ல. இந்தியாவிலிருந்து கொத்தனார்கள் போய் மாணவர்களோடு நின்று கட்டினார்கள். ஒரு கட்டடக்கலைக் கண்காட்சியில் கரண்டி பிடித்த கையும் கண்காட்சியின் பகுதியானது. புதுச்சேரியில் மட்பாண்டக் கலைஞர் ரே மீக்கர் வீட்டையே சூளையாக்கினார்: பச்சை மண்ணில் எழுப்பிய அறைக்குள் செங்கல்லும் ஓடும் அடுக்கி, உள்ளிருந்தே தீ மூட்டி, வீட்டையும் சரக்கையும் ஒன்றாகச் சுட்டார். குயவர் கண்ணோடு கட்டடத்தைப் பார்த்தால் வரும் யோசனை அது. பின்னாளில் அனுபமா குண்டு புதுச்சேரியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான வீடுகளை அந்த முறையில் கட்டினார். நம் கலைக்கூடங்களோ இன்னும் வெள்ளைச் சுவரில் செங்கல் படம் மாட்டுகின்றன.

கேட்பது அதிகமில்லை. வேலை தொடங்குமுன் மாதிரிச் சுவர் ஒன்று, ஒரு மூலையும் ஒரு ஜன்னல் ஓரமும் சேர்ந்த 1 மீட்டர் × 1 மீட்டர், எஸ்டிமேட்டில் தனி இனமாகக் கூலியோடு. அது வேலை முடியும்வரை தளத்திலேயே நிற்கட்டும். சுவர் சரியில்லை என்று யார் சொன்னாலும் அதன் பக்கத்தில் நின்று பேசலாம். வரிசை வரிசையாகக் கல் எண்ணிய வரைபடம், முதல் வரிசையும் இரண்டாம் வரிசையும் தனித்தனியாக, மூலைகள் பெரிதாக. சுவரின் நீளத்தை 240இன் மடங்கில் வைத்துப் பாருங்கள், எலிப்பொறி என்றால் 325ஐ வைத்துக் கணக்கிடுங்கள்; உடைத்த கல் பாதி குறைந்துவிடும். வளைவோ ஜாலியோ இருந்தால் பொறியாளர் முதல் ஸ்கெட்ச் வரையும் நாளிலேயே கூட இருக்கட்டும்.

சாவி கொடுக்கும் நாளில் வீட்டுக்காரர் கையிலும் கடைக்காரர் கையிலும் ஒரு தாள் கொடுங்கள்: எந்த வரிசையில் ஆணி அடிக்கலாம், கூரையில் எந்த விலாவில் எத்தனை கிலோ தொங்கவிடலாம், வயர் குழாய் எங்கே இறங்குகிறது, நீர்விலக்கி மறுபடி எப்போது அடிக்க வேண்டும். ஏ4 தாளின் ஒரு பக்கம் போதும். அதை லேமினேட் செய்து மீட்டர் பெட்டிக்குள் ஒட்டி வைக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செங்கல், சுண்ணாம்பு, ஓட்டு வேலை செய்யும் மேஸ்திரிகளும் தளப் பொறியாளர்களும்